கல்லுக்குப் பின்னால் போன நண்டு

எழுவைதீவுப் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்க ஒரேயொரு ஆசிரியை இருந்தார். இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு தைப்பொங்கல் முடிந்த கையோடு அவரையும் அரசாங்கம் கொண்டுபோய்விட்டது. தண்டனையாக அல்ல. தீவுப்பகுதிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை என்று கொழும்பில் யாரோ கண்டுபிடித்து, அதைக் கணினி மூலம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு ஒரு திட்டம் தொடங்கியிருந்தார்கள். அந்தத் திட்டத்துக்குத் தீவுப்பகுதியை நன்கறிந்த விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தேவைப்பட்டார். ஆகவே அங்கே விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தவரைத் தூக்கிக்கொண்டார்கள்.

பஸ்ரியாம்பிள்ளைக்கு இந்த நியாயம் விளங்கவில்லை. அவர் நண்டு வலை போடுகிறவர். சொந்தமாக ஒரு வள்ளமும், மனநிலை சரியாக இருந்தால் மட்டும் ஓடும் எஞ்சின் ஒன்றும் உண்டு. மூத்த மகள் நிலக்சனா அந்த டிசம்பரில் ஓ.எல். சோதனை எழுத இருந்தாள். தாதியர் பயிற்சிக்குப் போகவேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஒற்றைக்காலில் நிற்கிற பிள்ளை. விஞ்ஞானத்தில் சித்தி இல்லாவிட்டால் அந்த விண்ணப்பப் படிவத்தைக் கையால் தொடவும் விடமாட்டார்கள். அவளோடு சேர்த்து அந்த வகுப்பில் ஏழு பேர். ஏழு பேருக்கும் விஞ்ஞானப் பாடவேளையில் பள்ளிக்கூட அதிபர் முருகேசுவே வந்து புத்தகத்தை வாசித்துக் காட்டினார். அவர் வரலாறு படித்தவர். ஒட்சிசனை யார் எந்த ஆண்டில் கண்டுபிடித்தார் என்பதை அவர் உருக்கமாகச் சொன்னார். அதற்கப்பால் ஒட்சிசன் என்ன செய்யும் என்பது பற்றி அவரிடம் தகவல் இருக்கவில்லை.

மாசி போய்ப் பங்குனியும் பாதியானது. ஏழு தாய் தகப்பன்மாரும் கையெழுத்து வைத்து ஒரு மனு எழுதினார்கள். அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ரியாம்பிள்ளை வள்ளமேறி ஊர்காவற்றுறைக்கு வந்து, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனார். திட்டத்தின் அலுவலகம் ஒரு மாடி வீட்டில் இருந்தது. தேசிய நியமங்களுக்கு அமைவான மின்பாட ஆக்கச் செயற்றிட்டம், வடபிராந்திய அலகு என்ற பெயர்ப்பலகை வீட்டின் முகப்பையே மறைத்திருந்தது. ஒரு யன்னலைத் திறக்கவேண்டுமென்றால் பலகையைக் கழற்றவேண்டும்.

வாசலில் பொதுமக்களை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்ள ஒரு காவலாளி இருந்தார். அன்றைக்கு அவர் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்ததால் பஸ்ரியாம்பிள்ளை மேலே ஏறிவிட்டார். அங்கே பிரதாபன் என்ற இளம் இணைப்பாளர் அவரை மறித்து, எந்தத் திணைக்களம் என்று கேட்டார். திணைக்களம் இல்லை, கடல் என்றார் பஸ்ரியாம்பிள்ளை. அரசாங்கத்தில் எந்தப் பதவியும் இல்லையா, சங்கம், சபை, குழு எதிலும் உறுப்பினர் இல்லையா என்று பிரதாபன் இரண்டு மூன்று தரம் உறுதிப்படுத்திக்கொண்டார். ஒன்றுமே இல்லை என்று தெரிந்ததும் அவருடைய முகம் மலர்ந்துவிட்டது. உள்ளறைக் கதவைத் தட்டாமலே திறந்து, பொதுமக்கள் வந்திருக்கினம் என்றார்.

விசயம் இதுதான். பாடங்கள் எல்லாம் பகிரங்கமாக, பொதுமக்களின் பங்களிப்போடு ஆக்கப்படவேண்டும் என்பது திட்டத்தின் முதலாவது விதி. மூன்று மாதமாகக் கூட்ட அறிக்கையில் பொதுமக்கள் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. கொழும்பிலிருந்து இரண்டு நினைவூட்டற் கடிதங்கள் வந்திருந்தன. எங்கே போய்ப் பொதுமக்களைப் பிடிப்பது என்று தெரியாமல் அலுவலகமே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில், உப்புப் படிந்த சாரம் உடுத்த ஒருவர் தானாகப் படியேறி வந்துவிட்டார்.

பணிப்பாளர் சறோஜினிதேவி எழுந்து நின்று வரவேற்றார். கதிரை போட்டு இருத்தினார். தேத்தண்ணி வந்தது. மனுவை வாங்கி, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார்.

"நல்ல கருத்து, ஐயா. இதை எங்கடை முதலாவது பொதுக்கருத்தாப் பதிவம்."

"கருத்தில்லை அம்மா. இது மனு."

"மனுவெண்டால் நாங்கள் பதில் எழுதவேணும். கருத்தெண்டால் பதிஞ்சால் காணும்."

பிறகு அவர் கொஞ்ச நேரம் திட்டத்தைப் பற்றிச் சொன்னார். இது முழுக்க முழுக்க பஸ்ரியாம்பிள்ளை போன்றவர்களுக்கான திட்டம் என்றும், ஆனால் அவரைப் போல ஒருவரை இன்றைக்குத்தான் நேரில் காண்கிறார் என்றும் மனந்திறந்து ஒப்புக்கொண்டார். பேச்சு முடிந்தபோது பஸ்ரியாம்பிள்ளையின் கழுத்தில் ஒரு நீலநிற நாடா தொங்கியது. அதில் இருந்த மட்டையில் பொதுமக்கள் பிரதிநிதி என்று அச்சடித்திருந்தது. அந்த மட்டை மூன்று மாதமாக மேசை லாச்சிக்குள் கிடந்ததாம்.

படியிறங்கும் இடத்தில், தங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுபோன நிமலினி ரீச்சரைக் கண்டார். ஒரு கண்ணாடி அறைக்குள் கணினிக்கு முன்னால் இருந்தவர், இவரைக் கண்டதும் எழும்பி ஓடிவந்து, பிள்ளைகள் எந்த அலகில் நிற்கிறார்கள் என்று கேட்டார். போன தையில் நின்ற இடத்தில்தான் என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"விடச்சொல்லி மூண்டு தரம் எழுதிக் குடுத்திட்டன் அண்ணை. இந்த ஒரு பாடத்தை முடிச்சுத் தந்திட்டுப் போ எண்டுகினம்."

"எவ்வளவு முடிஞ்சுது?"

"நண்டுக்கு நிறம் தீட்டிறன்."

ஒரு பாடம்தானே, முடித்துக் கொடுத்தால் ரீச்சர் வந்துவிடுவார் என்று பஸ்ரியாம்பிள்ளை கணக்குப் போட்டார். நண்டைப் பற்றிய பாடத்தை முடிப்பதற்கு நண்டு பிடிக்கிறவன் உதவாமல் வேறு யார் உதவுவது? இனி ஒவ்வொரு மாதமும் கூட்டத்துக்கு வருவதென்று தீர்மானித்துக்கொண்டார். மனுசனுக்கு அலுவலகங்களைப் பற்றி அவ்வளவுதான் தெரிந்திருந்தது.

சித்திரைக் கூட்டத்தில் முதலாவது வசனம் எடுக்கப்பட்டது. நண்டு கடலில் வாழும் என்பதே அந்த வசனம். பாடத்தில் வருகிற ஒவ்வொரு வசனத்துக்கும் அரச கல்வி நியமத்தில் ஒரு இலக்கம் இருக்கவேண்டும். நண்டு என்பதற்கு இலக்கம் இருந்தது. வாழும் என்பதற்கும் இருந்தது. கடலில் என்பதற்குத்தான் எட்டாம் தரத்திலும் இல்லை, பத்தாம் தரத்திலும் இல்லை. ஒரு முழு நாள் தேடினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நண்டு பொருத்தமான சூழலில் வாழும் என்று திருத்தி ஏகமனதாக நிறைவேற்றினார்கள். அன்றைக்குச் சாப்பாட்டில் நண்டுக்கறி இருந்தது.

வைகாசிக் கூட்டத்தில் படம் காட்டினார்கள். பஸ்ரியாம்பிள்ளை எட்டிப் பார்த்தார். நண்டுக்கு எட்டுக் கால் போட்டிருந்தது. மலைநாட்டில் பிறந்து வளர்ந்த ஓவியர் ஒருவர், தன் வீட்டுச் சுவரில் கண்ட ஏதோ ஒன்றை நம்பி வரைந்திருக்கவேண்டும். இவர் கையை உயர்த்தி, கடிக்கிற கால் இரண்டோடு சேர்த்து மொத்தம் பத்து என்றார். எந்த நியமத்தின் கீழ் சொல்கிறீர்கள் என்று பணிப்பாளர் கேட்டார். முப்பது வருடமாக வலையிலிருந்து கழற்றுகிறேன் என்றார். அது அனுபவம் என்று குறித்துக்கொள்ளப்பட்டது. அனுபவத்துக்கு இலக்கம் இல்லை.

ஆனி மாதம், சோழகக் காற்று தலைகீழாக அடிக்கிற நாளில், அவர் ஒரு நீலக்கால் நண்டைப் பனையோலை உமலுக்குள் போட்டு உயிரோடு கொண்டுவந்தார். வள்ளம் அலையில் ஏறி விழுந்ததில் அவர் நனைந்து தோய்ந்திருந்தார். நண்டு மட்டும் சுகமாக இருந்தது. மேசையில் விட்டார். அது பக்கவாட்டில் நடந்து, நியமக் கைந்நூலைத் தாண்டி, பணிப்பாளரின் கைப்பையை நோக்கிப் போனது. எண்ணிப் பாருங்கள் என்றார் பஸ்ரியாம்பிள்ளை. யாரும் எண்ணவில்லை. இது அங்கீகரிக்கப்பட்ட கற்றற் சாதனமா என்ற கேள்வி எழுந்துவிட்டது. அங்கீகாரம் பெறுவதற்கு ஒரு படிவம் உண்டு. மூன்று பிரதி நிரப்பவேண்டும். உற்பத்தி செய்த நாடு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று பிரதாபன் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்தார். பதில் வருவதற்குள் நண்டு செத்துப்போனது. மாதிரி செயலிழந்த காரணத்தால் விடயம் பிற்போடப்பட்டது என்று கூட்டக் குறிப்பில் இருக்கிறது.

கால்கள் தொடர்பான உபகுழு ஒன்று அமைக்கப்பட்டது. ஓவியர் எட்டு என்று நின்றார். பொதுமக்கள் பத்து என்று நின்றார்கள். ஆசிரியர் வழிகாட்டியில் பல கால்கள் என்றுதான் இருந்தது. உபகுழு நாலு தரம் கூடி, எவருடைய மனமும் நோகாத ஒரு தீர்வைக் கண்டது. நண்டைக் கொண்டுபோய் ஒரு கல்லுக்குப் பின்னால் விடுவது. கல் பெரிதாக இருக்கவேண்டும். சறோஜினிதேவி உபகுழுவைப் பாராட்டியதோடு, நண்டுகள் இயல்பாகவே கல்லுக்குப் பின்னால் இருக்கிறவைதான், ஆகவே இது இன்னும் விஞ்ஞானபூர்வமானது என்று சொன்னார். நிமலினி ரீச்சர் குனிந்த தலை நிமிரவில்லை. ஐந்து மாதம் நிறம் தீட்டிய நண்டு அது.

"இனி முடிஞ்சுதுதானே அம்மா? ரீச்சரை விடலாமே?" என்று பஸ்ரியாம்பிள்ளை கேட்டார்.

ஆக்கம் முடிந்துவிட்டது என்றும், இனிப் பொதுமக்கள் கருத்தறியும் கட்டம் மட்டும்தான் என்றும் பதில் வந்தது. அது இருபத்தொரு நாள். கூட்டம் எழுவைதீவிலேயே நடக்கும். பொதுமக்கள் பாடத்தை ஏற்றுக்கொண்டு கையெழுத்து வைத்தால் மறுநாளே எல்லாருக்கும் விடுதலை. ஆட்களைத் திரட்டுவது பிரதிநிதியின் பொறுப்பு.

மகளுடைய சோதனைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. பஸ்ரியாம்பிள்ளை வீடு வீடாகப் போனார். கருத்துச் சொல்லவேண்டும், கையெழுத்து வைக்கவேண்டும், எல்லாரும் வாருங்கள் என்றார். அவர் செய்த பிழை அதுதான். எழுவைதீவுச் சனம் தொண்ணூறில் இடம்பெயர்ந்து, பிறகு திரும்பி வந்து, பத்துப் பன்னிரண்டு வருடமாக மேசைகளுக்கு முன்னால் வரிசையில் நின்றே பழகிய சனம். மேசை போட்டு, அதற்குப் பின்னால் ஒரு உத்தியோகத்தர் இருந்து, கையெழுத்து வாங்கினால் பிறகு சாமான் வரும். அரிசி வந்தது அப்படி. வலை வந்தது அப்படி. இதுவரை அது பிழைத்ததில்லை.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை, பிரதாபன் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு இருந்தபோது, தொண்ணூற்று மூன்று குடும்பமும் கூப்பன் மட்டையோடு வந்து வரிசையில் நின்றது. படுக்கையில் கிடந்த இரண்டு பேரைக் கதிரையில் வைத்துத் தூக்கி வந்தார்கள். பிரதாபன் தன் வாழ்நாளில் கண்ட பொதுமக்கள் அனைவரையும் ஒரே நாளில் கண்டார். படிவத்தில் மேலே நெருக்கமான எழுத்தில் ஒரு பந்தி. அதன் கீழே பெயர், கருத்து, கையெழுத்து. பந்தியை யாரும் வாசிக்கவில்லை. கருத்து என்ற இடத்தில் என்ன வேண்டும் என்பதை எழுதினார்கள்.

இது சாமான் குடுக்கிற பதிவில்லை, பாடத்தைப் பற்றியது என்று பஸ்ரியாம்பிள்ளை வரிசை நீளத்துக்கும் சொல்லிக்கொண்டு போனார். அவருடைய மச்சான் குருசுமுத்து அவரைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"மச்சான், நீர் படிச்ச ஆக்களோடை பழகிறனீர். உமக்கு இல்லாட்டில் பரவாயில்லை. எங்களுக்கு வாறதை மறியாதையும்."

கடைசியில் அவரும் ஒரு படிவம் எடுத்தார். நிமலினி ரீச்சரை அனுப்பவும் என்று எழுதி, கழுத்து நாடாவைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கையெழுத்து வைத்தார்.

புரட்டாசிக் கூட்டத்தில் பிரதாபன் கருத்துகளின் பகுப்பாய்வை வாசித்தார். வட்டமும் கோடுமாகச் சுவர் நிறையப் படங்கள். பதினைந்து குதிரைவலு எஞ்சின் கேட்டவர்கள் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேர். பாடம் விரைவாக ஓடவேண்டும் என்ற பொதுமக்களின் விருப்பத்தை இது காட்டுகிறது. கூரைக்குத் தறப்பாள் கேட்டவர்கள் முப்பது பேர். திரை இன்னும் பெரிதாக இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். போனமுறை தந்த அரிசியில் வண்டு இருந்தது என்று பிலோமினம்மா என்பவர் எழுதியிருக்கிறார். நண்டோடு வண்டையும் சேர்த்துக்கொள்ளும்படி கேட்கிறார். இரண்டும் ஒரே கணத்தைச் சேர்ந்தவையாதலால் இது ஆழ்ந்த விஞ்ஞான அறிவுள்ள கருத்து. எதிர்ப்பு என்று ஒன்றுமே இல்லை.

பணிப்பாளர் கடைசிப் படிவத்தைத் தன் கையில் எடுத்தார்.

"பொதுமக்கள் பெயர் சொல்லிக் கேட்ட ஒரேயொரு உத்தியோகத்தர் எங்கடை நிமலினி. இவ்வளவு நம்பிக்கை வைச்சிருக்கேக்கை அவவை இடையில விடுறது சரியில்லை. இன்னும் ஒரு வருசம் நீடிப்பம்."

பஸ்ரியாம்பிள்ளை எழுந்துவிட்டார்.

"அம்மா, அது நான் எழுதினது. பள்ளிக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லித்தான் எழுதினனான்."

"நீங்கள் என்ன நினைச்சனீங்கள் எண்டது உங்கடை சொந்த விசயம் ஐயா. பொதுமக்கள் என்ன சொல்லுகினம் எண்டதைத்தான் நாங்கள் பாக்கவேணும்."

அவர் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கடலுக்குப் போகவில்லை. மனைவி மாக்கிறேற் வலையைத் தானே எடுத்துக் காயப்போட்டாள். நிலக்சனா மட்டும் பழைய வினாத்தாள்களை வைத்துக்கொண்டு தனக்குத்தானே படித்துக்கொண்டிருந்தாள். விடை தெரியாத கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதி வந்தாள். ஒரு கொப்பி நிரம்பி அடுத்தது தொடங்கியிருந்தாள்.

கார்த்திகை நடுப்பகுதியில், சோதனைக்கு மூன்று கிழமை இருக்கும்போது, மின்பாடத்தின் அங்குரார்ப்பண விழா எழுவைதீவுப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பணிப்பாளர், இணைப்பாளர், நிமலினி ரீச்சர், ஒரு புகைப்படக்காரர், ஒரு கணினி ஆகியோரை ஊர்காவற்றுறையிலிருந்து ஏற்றி வந்தது பஸ்ரியாம்பிள்ளையின் வள்ளம்தான். பிரதிநிதி என்றபடியால் அவரிடமே கேட்டார்கள். தீவில் மின்சாரம் இல்லை என்பது இறங்கிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. கோயில் திருநாளுக்குப் பாவிக்கிற மின்பிறப்பாக்கியை அதிபர் முருகேசு ஓடிப்போய்க் கேட்டு எடுப்பித்தார். மேடைக்கு இடம் போதாமல் வகுப்பிலிருந்த கரும்பலகையைக் கழற்றி வெளியே சாத்தினார்கள்.

கணினி உயிர்பெற்றது. ஏழு பிள்ளைகளும் முன்வரிசையில். முதலில் ஆசிச்செய்திகள் வந்தன. மொத்தம் ஒன்பது. ஒவ்வொருவரின் படமும் ஒரு பூவுக்குள்ளிருந்து விரிந்து இரண்டு நிமிடம் பேசியது. அவற்றைத் தாண்டிப் போகும் வசதி வைக்கப்படவில்லை. வைத்தால் ஆசி வழங்கியவர்கள் என்ன நினைப்பார்கள்? பிறகு நீலக்கடல் வந்தது. நடுவில் ஒரு கல். கல்லைச் சுற்றிக் குமிழிகள் எழுந்தன. நிமலினி ரீச்சரின் பதிவுசெய்த குரல், இதோ நண்டு என்றது. பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். நண்டின் கால்களை எண்ணி விடையைத் தருக என்றது குரல். முதலாவது பிள்ளை பத்து என்று அழுத்தினாள். மிகச் சரி என்று கைதட்டல் கேட்டது. அடுத்தவன் பரீட்சித்துப் பார்க்க நாற்பது என்று அழுத்தினான். அதுவும் மிகச் சரி. உபகுழு இலக்கத்தைப் பற்றி இன்னும் முடிவெடுக்காதபடியால் எல்லா விடைகளும் சரியாகவே வைக்கப்பட்டிருந்தன.

கடைசிப் பக்கத்தில் ஒரு வசனம் பெரிய எழுத்தில் நின்றது. விளங்காத பகுதிகளை உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டுத் தெளிவு பெறுக.

நிலக்சனா கையை உயர்த்தினாள். புகைப்படக்காரர் அந்த நேரம் பார்த்து வெளிச்சம் அடித்தார்.

"எங்கடை விஞ்ஞான ரீச்சர் அந்தக் கதிரையில இருக்கிறா. இப்ப கேக்கலாமோ?"

நிமலினி ரீச்சர் எழும்பப் போனார். சறோஜினிதேவி அவருடைய கையில் தட்டி இருத்தினார். நிமலினி இப்போது ஆசிரியர் அல்ல, வளவாளர் என்றும், வளவாளரிடம் கேள்வி கேட்பதானால் எழுத்தில் அனுப்பவேண்டும் என்றும் விளக்கினார். பிறகு ஒலிவாங்கியைப் பிடித்து உரையாற்றினார்.

"இண்டையிலிருந்து இந்தப் பள்ளிக்கூடம் தீவுப்பகுதியின்ரை முதலாவது மின்பாடப் பள்ளிக்கூடம். இனி இஞ்சை விஞ்ஞான ஆசிரியருக்கு வெற்றிடம் இல்லை. அந்த இடத்தை மின்பாடம் நிரப்புது. இது நாங்கள் எடுத்த முடிவில்லை. தொண்ணூற்று மூண்டு குடும்பம் கையெழுத்து வைச்சுக் கேட்டது."

அவர் படிவத்தின் மேலிருந்த பந்தியை வாசித்தார். மின்பாடத்தை முழுமனதோடு ஏற்றுக்கொள்கிறோம், அதற்குப் பதிலாக ஆசிரியர் நியமனம் எதையும் கோரமாட்டோம் என்று அது நல்ல தமிழில் சொன்னது. குருசுமுத்து நிலத்தைப் பார்த்தார். வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டவர் பஸ்ரியாம்பிள்ளை. பிள்ளைக்கு ரீச்சரைக் கேட்கப் போன கையால் ரீச்சரே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். வெட்கத்தில் முதலில் கண் இருண்டது. வெட்கம் வடிந்த இடத்தில் வந்த கோபம் அவருக்கே புதிதாக இருந்தது.

அந்த நேரத்தில் மின்பிறப்பாக்கிக்கு எண்ணெய் தீர்ந்து, கல்லும் கடலும் மறைந்தன. விருந்தினர் புறப்பட்டுத் துறைக்கு வந்தார்கள். மணி மூன்று. ஆறு மணிக்குப் பிறகு வள்ளம் ஓடக் கடற்படை விடாது. மற்ற வள்ளங்கள் எல்லாம் கடலில் நின்றன. பஸ்ரியாம்பிள்ளை தன் வள்ளத்தின் முனையில், அணியத்தில் ஏறி, கயிற்றை அவிழ்க்காமல் குந்தியிருந்தார்.

"ஏன் வெளிக்கிடேல்லை?" என்றார் பணிப்பாளர்.

"பொதுமக்களின்ரை வள்ளம் அம்மா. பொதுமக்களிட்டைக் கருத்துக் கேட்டுத்தான் வெளிக்கிட ஏலும்."

"எவ்வளவு நேரம் செல்லும்?"

"உங்களுக்கு இருபத்தொரு நாள் வேணும். நான் இரண்டு மணித்தியாலத்தில முடிச்சுத் தாறன். ரீச்சர் அதுக்குள்ளை பிள்ளையளோடை கொஞ்சம் கதைக்கட்டும்."

பிரதாபன் ஏதோ விதி இலக்கம் சொல்லத் தொடங்கினார். குருசுமுத்துவும் இன்னும் நாலைந்து பேரும் வந்து பஸ்ரியாம்பிள்ளைக்குப் பக்கத்தில் பேசாமல் நின்றதைக் கண்டு அந்த இலக்கத்தை மறந்துவிட்டார். நிமலினி ரீச்சர் யாருடைய அனுமதிக்கும் காத்திருக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் பள்ளிக்கூடத்தை நோக்கி ஓடினார்.

வெளியே சாத்தியிருந்த கரும்பலகையைப் பிள்ளைகள் தூக்கி வந்து கணினியில் சாய்த்து வைத்தார்கள். நிலக்சனா தன்னுடைய கொப்பிகளைக் கொண்டுவந்தாள். இரண்டு கொப்பிக் கேள்விகள். ரீச்சர் ஒன்றிலிருந்து தொடங்கினார். அமிலம், காரம், மின்சுற்று, மூச்சு, இரத்தம். சோக்கு முறிந்து முறிந்து விழுந்தது. ஒரு பிள்ளை கூடத் தண்ணி குடிக்க எழும்பவில்லை. சறோஜினிதேவி வகுப்பின் கடைசி வாங்கில் உட்கார்ந்து, சிறிது நேரம் மணிக்கூட்டைப் பார்த்து, பிறகு நித்திரையாகிவிட்டார். புகைப்படக்காரருக்கு வேறு வேலை இல்லாததால் மிச்சமிருந்த சுருளை எடுத்து முடித்தார். ஐந்தரைக்கு ரீச்சர் நிறுத்தியபோது முதலாவது கொப்பியின் நடுப்பகுதிதான் வந்திருந்தது. மிச்சத்தை என்ன செய்வது என்று நிலக்சனா கேட்டாள். ரீச்சர் கொப்பியை மூடி அவளுடைய கையில் கொடுத்தார். வள்ளத்தில் ஊர்காவற்றுறை வரும்வரையும் அவர் அழுதுகொண்டே வந்தார்.

அடுத்த மாதம் அறிக்கை வெளிவந்தது. எழுவைதீவுப் பரீட்சார்த்த முயற்சி எதிர்பார்த்ததற்கு மேலான வெற்றி. மாணவர்கள் இரண்டரை மணித்தியாலம் இடத்தைவிட்டு அசையவில்லை. பெற்றோர் உத்தியோகத்தர்களைத் திரும்பிச் செல்லவே விடவில்லை. இந்த வெற்றியின் அடிப்படையில் அனலைதீவிலும் நயினாதீவிலும் இருந்து மேலும் இரண்டு விஞ்ஞான ஆசிரியர்கள் திட்டத்துக்கு எடுக்கப்பட்டார்கள். கால்கள் தொடர்பான உபகுழு விரிவாக்கப்பட்டது.

சோதனைப் பெறுபேறு சித்திரையில் வந்தது. ஏழு பேரில் ஒருவரும் விஞ்ஞானத்தில் சித்தியடையவில்லை. ரீச்சர் அன்றைக்குச் சொல்லித் தந்தவற்றில் மூன்று கேள்வி வந்ததாகவும், அந்த மூன்றையும் முழுமையாக எழுதியதாகவும் நிலக்சனா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மற்றப் பாடங்களில் எல்லாம் நல்ல பெறுபேறு. தாளை மடித்துப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு, டிசம்பரில் திருப்பி எழுதுகிறேன் என்றாள். அழவில்லை. அவள் அழாதது பஸ்ரியாம்பிள்ளைக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பெறுபேறு வந்த அதே தபாலில் திட்டத்திலிருந்து பொதுமக்கள் பிரதிநிதிக்கு ஒரு நீளமான உருளையும் வந்தது. அந்த ஆண்டுக்கான கலண்டர். அதற்கும் பொதுக்கருத்துக் கேட்கவேண்டியிருந்ததால் நாலு மாதம் பிந்திவிட்டதாக உள்ளே ஒரு துண்டு இருந்தது. வழுவழுப்பான தாளில், வீட்டுச் சுவரில் பாதி அளவுக்கு ஒரே படம். நிலக்சனா கையை உயர்த்தி நிற்கிறாள். மின்பாடத்தால் மகிழும் தீவக மாணவி என்று கீழே போட்டிருந்தது. மாக்கிறேற் படத்தைப் பார்த்துவிட்டு, கணினியைக் காணவில்லையே என்றாள். ஆணி இருந்த இடத்தில் அவள்தான் அதைக் கொழுவியும் விட்டாள். பிள்ளையின் படமாயிற்றே.

பின்னேரம் கடலால் வந்த பஸ்ரியாம்பிள்ளை அதைக் கண்டார். கீழே இருந்த எழுத்துகளைக் கூட்டி வாசித்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து இழுக்கப் போனார். நிலக்சனா வந்து அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடுங்கோ அப்பா. டிசம்பர் மட்டும் நாள் எண்ண எனக்கு வேறை கலண்டர் இல்லை."

அவர் கையை எடுத்தார். அவள் ஒரு பேனையால் அன்றைய திகதியை வெட்டினாள். பிறகு முதலாவது கொப்பியை ரீச்சர் நிறுத்திய இடத்தில் விரித்துவைத்து, விடை தெரியாத அடுத்த கேள்வியை மறுபடியும் வாசிக்கத் தொடங்கினாள்.